வண்டி மை போட்ட கியர் பெட்டி

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. படகு மட்டும் போகவில்லை. கியர்க் கம்பியை முன்னால் தள்ளினேன், பின்னால் இழுத்தேன், மறுபடியும் தள்ளினேன். எஞ்சின் தன் பாட்டுக்குக் கத்தியது. தண்ணீருக்கடியில் இருக்கிற விசிறி அசையவில்லை. படகில் பதினோரு பேர். அவர்களில் என் மனைவி ரூத்தும் அவள் மடியில் எங்கள் ஆறு மாதக் குழந்தையும் உண்டு. மழைவெள்ளம் எங்களைக் கடல் பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டு போனது.

பிரியமானவர்களே, அந்தக் காலையில் ஆண்டவர் எனக்குச் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். என் முட்டாள்தனத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

அது இரண்டாம் உலக யுத்த காலம். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மரக்காணத்தில் ஓர் உப்பு முதலாளியிடம் நான் மோட்டார் படகு ஓட்டினேன். கழுவேலி என்கிற பெரிய உப்புத்தண்ணீர் ஏரியில் உப்பள ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றிப்போவது என் வேலை. பெட்ரோல் கிடைக்காத நாட்கள் அவை. பஸ்களைப் போலவே எங்கள் படகும் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடியது. கியர் பெட்டிக்கு ஊற்றுகிற ஆயிலும் திண்டிவனத்துக் கடைகளில் இல்லாமல் போயிற்று.

ரூத்தின் அண்ணன் சாமுவேல் விழுப்புரத்தில் ரயில் எஞ்சின் பிட்டர். வந்தால் பழைய ஆயிலை வடிகட்டித் தருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. கல்யாணத்தன்று பந்தியில் என்னை வண்டிக்காரன் மகன் என்று அவர் கேலி செய்திருந்தார். வண்டிக்காரன் மகனுக்கு வழி தெரியாதா என்ன? என் தகப்பனார் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போய்வந்தவர். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போடுவார். வண்டி சத்தமில்லாமல் உருளும். நானும் அதே மையைக் குழைத்துக் கியர் பெட்டி நிறைய அப்பி மூடினேன். கேள்விப்பட்டு சாமுவேல் நேரிலேயே வந்துவிட்டார்.

"மாப்ள, இது மாட்டுவண்டி அச்சு இல்ல. உள்ள தட்டு தட்டா இருக்குது. ஒண்ண ஒண்ணு புடிச்சாதான் விசிறி சுத்தும். மை சூட்டுல வெந்துச்சுன்னா எல்லாம் வழுக்கிக்கினு போயிடும்."

நான் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். மூன்று நாள் கியர் பெட்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நாலாம் நாள்தான் அந்த ஞாயிறு. அக்கரைக் கோயிலில் அறுப்பின் பண்டிகை. நாங்களும் பண்டிகைக்கு வந்தவர்களும் வீடு திரும்புகிற உப்பள ஆட்களுமாகப் புறப்பட்டோம்.

பாதி ஏரியில் படகு நின்றது. எஞ்சினையும் நிறுத்தினேன். அந்த அமைதியை இன்னும் மறக்க முடியவில்லை. சுற்றிலும் பால் போலப் பனி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து நாரைகள் ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றாக மறைந்தன. குழந்தை கையை நீட்டிப் பனியைப் பிடிக்கப் பார்த்தது. நாங்கள் நகர்வதே தெரியவில்லை. கடலின் இரைச்சல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. மழையில், ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரம் உடைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் போன படகு திரும்பாது. துடுப்புக் கழி தரையைத் தொடவில்லை. நங்கூரம் சேற்றில் வழுகிக்கொண்டே வந்தது.

என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். விசிறியில் பாசி சுற்றிக்கொண்டது என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். உப்பளத்தில் வேலை செய்யும் ஏழுமலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், உடனே இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தான். வெகுநேரம் கழித்து மேலே வந்து ஒன்றும் இல்லை என்றான். நல்லாப் பார் என்றேன். மறுபடியும் மூழ்கினான். இந்த முறை கயிறு அடியில் எதிலோ சிக்கி விறைத்தது. நாலு பேர் இழுத்தோம். உதடு நீலமாகி, இருமிக்கொண்டு வந்தான். அப்படியும், இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தான்.

நான் எஞ்சின் ஓரமாக முழங்காலில் விழுந்தேன். ஆண்டவரே, கரை சேர்த்துவிடும் என்று கெஞ்சினேன். என் ஜெபம் பனிக்குள் போய் மறைந்தது. மறுபடி கெஞ்சினேன். அப்போது என் உள்ளே ஒரே ஒரு வார்த்தை எழுந்தது. தூக்கத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக. 'சொல்லு' என்றது. கரை வேண்டும் என்று நான் கேட்டால், சொல்லு என்கிறது. ஏழுமலை கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

எழுந்து நின்று அவன் கையைப் பிடித்தேன்.

"ஏழுமல, குதிக்காத. பாசி இல்ல. நான் பொய் சொன்னேன். கியர் பெட்டியில வண்டி மை போட்டுட்டேன். அது வெந்து தட்டுல ஒட்டிக்கினு வழுக்குது."

ரூத் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். கடைசிப் பலகையில் உட்கார்ந்திருந்த முனியம்மா மெல்ல வாயைத் திறந்தாள். அவள் புருஷன் வண்டி ஓட்டுகிறவன்.

"வண்டி மைங்களா? எங்க ஊட்டுக்காரர் சொக்காவுல தெனமும் ஒட்டிக்கினு வரும். சீமெண்ணெய் போட்டாதாங்க வுடும்."

சொல்லிவிட்டுக் கூடைக்குள் கைவிட்டு ஒரு சீமெண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். கரி அடுப்பு இருப்பதால் படகில் சீமெண்ணெய் ஏற்றக் கூடாது என்பது என் சட்டம். கீரைக்கடியில் மறைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். அந்த மாதத்துக்கு அவள் வீட்டு விளக்குக்கு அவ்வளவுதான். நான் பாசி என்ற பொய்யிலேயே நின்றிருந்தால் அந்தப் புட்டி கூடையை விட்டு வெளியே வந்திருக்காது. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டு அழுதேன்.

அடுப்பின் வாயை இறுக மூடிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். கெட்டிக் கருப்பாய் மை. கையாலே வழித்தேன். பாதிப் புட்டி ஊற்றிக் கம்பியை முன்னும் பின்னும் ஆட்டினேன். தார் மாதிரி வடிந்தது. மீதியையும் ஊற்றினேன். தட்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன. துணியால் துடைத்து, எஞ்சின் அடியிலிருந்து ஒரு டம்ளர் ஆயில் எடுத்துப் பெட்டிக்குள் ஊற்றினேன். தட்டுகளை இறுக்கும் வளையத்தை ஒரே ஒரு பல் திருப்பினேன். அதற்கு மேல் திருப்பினால் எரிந்துபோகும் என்று மச்சான் சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது. அடுப்பில் கனல் மிச்சமிருந்தது. ஊதி, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பி, கம்பியைத் தள்ளினேன். படகு ஒரு குலுக்குக் குலுக்கி, பனியைக் கிழித்துக்கொண்டு திரும்பியது. அலையின் வெள்ளை நுரை அதற்குள் கண்ணில் தெரிந்துவிட்டது.

கரையேறியதும் முனியம்மா திருவக்கரைக் காளி கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, எங்க ஆத்தா காப்பாத்தினாள் என்றாள். நான் வாக்குவாதம் பண்ணவில்லை. அவள் காலில் விழாத குறைதான்.

மறுநாளே விழுப்புரம் போய்ச் சாமுவேலிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரம் பக்கத்தில் உட்காரவைத்துக் கியர் பெட்டியைப் பிரிக்கவும் பூட்டவும் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஏழுமலை மட்டும் இரண்டு மாதம் என் படகில் ஏறவில்லை. ஏரியைச் சுற்றி நடந்தே போனான். அவனுக்காகவும் ஜெபித்தேன். பொய்க்குத் தண்டனையாக அதை ஏற்றுக்கொண்டேன். ஒருநாள் காலையில் அவன் தன் மனைவி பிள்ளைகளோடு துறையில் நின்றான். பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்றான். திறந்தேன். குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

சகோதரனே, சகோதரியே, உங்கள் ஜெபம் மேலே போகாமல் பனியில் நிற்கிறதா? சொல்லாமல் மூடிவைத்தது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சொல்லிவிடுங்கள். மானம் போகும் என்று பயப்படாதீர்கள், எனக்கும் போயிற்று. ஆனால் அன்று காலை ஏழுமலை நிமிர்ந்து, முதலில் தன் பிள்ளைகள் இரண்டையும் தூக்கி என் படகில் உட்காரவைத்தான்.