தெற்கே போன உள்ளான்கள்

எங்கள் ஊரில் ஒரு மனிதன் சும்மா நின்று பறவை பார்க்க முடியாது. செவ்வாய்ப்பேட்டையில் பழையதாக வாங்கிய பைனாகுலருடன் பரமத்தி வேலூர் காவிரிக் கரையில் நான் நின்றால், போகிறவர் வருகிறவர் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சகுனம் பாக்கறீங்களா?" இல்லை, உள்ளான் குருவி பார்க்கிறேன் என்றால் சிரிப்பார்கள். மாடு தொலைத்தவர்கூட என்னிடம் வந்து திக்குக் கேட்டிருக்கிறார்.

ஆவணியில் உள்ளான்கள் வடக்கேயிருந்து வரும். ஆற்று மணலில் கொஞ்ச நாள் மேய்ந்துவிட்டுக் கடலோரம் தேடித் தெற்கே போய்விடும். வருஷா வருஷம் இதேதான். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

அந்த ஆவணியில் என் தங்கைக்குக் கரூர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் நல்லவன், அவளுக்கும் பிடித்திருந்தது. எங்களில் தாய்மாமன் தலையசைக்காமல் எதுவும் நடக்காது. சாமியிடம் பூக் கேட்டு உத்தரவும் ஆகியிருந்தது. அதோடு விட்டாரா மாமா? விடிந்ததும் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க மாப்ள, பட்சிக எந்தப் பக்கமுங்க போச்சு?"

"தெக்கால போச்சுங்க மாமா. இந்த மாசத்துல எப்பவும் அப்பிடித்தானுங்க."

பாதியைத்தான் காதில் வாங்கினார். தெற்கு எமன் திசை என்று முகம் கறுத்தது. ஆவணியில் வடக்கே போகிற உள்ளான் உலகத்திலேயே கிடையாது என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தச் சத்தத்துக்கு மிச்சமிருந்த பறவைகளும் எழுந்தன. அவையும் தெற்கேதான் போயின. "பாத்தீங்களா?" என்றார் மாமா. சம்பந்தம் வேண்டாமென்று அன்றே ஆள் போயிற்று.

மறுநாள் தங்கை கரைக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இதுக திரும்பி வருமுங்களாண்ணா?"

"பங்குனியில இந்த வழியா வடக்க போகும் சாமி."

"அப்ப மாமனக் கூட்டியாந்து காட்டுங்க. அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லி அவங்க ஊட்டுக்குச் சொல்லியனுப்ப முடியுங்களா?"

எந்தப் பிள்ளை வீட்டார் உள்ளானுக்காகக் காத்திருப்பார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் பைனாகுலரை ஆற்றில் வீசப் பார்த்தேன். அவள்தான் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பங்குனியில் உள்ளான்கள் வந்தன, வடக்கே போயின. மாமா மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்தார். "மாப்ள, நானே கண்ணாரப் பாத்தேனுங்க, வடக்காலதான் போச்சு! இனித் தடையில்லீங்க, அந்தச் சம்பந்தத்தையே பேசீரலாமுங்க."

அந்தப் பையனுக்குத் தையிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. அதை மாமாவிடம் சொன்னது தங்கைதான். சொல்லிவிட்டு, வெயிலில் ஓடி வந்தவருக்கு மோர் கொண்டுவர உள்ளே போனாள்.