நான் இருக்கேனா, பாத்து சொல்லு

"இன்னா தம்பி, நான் இருக்கேனா, பாத்து சொல்லு." திங்கட்கிழமை பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தால் அது நர்ஸ் அக்காதான். புதூர்நாட்டில் எங்கள் மலை மருத்துவமனையிலிருந்து கூப்பிடுவார். கணியம்பாடி அலுவலகத்தின் கணினி அறையில் தனியாளாக உட்கார்ந்திருக்கும் நான் பணியாளர் பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பார்த்து, "இருக்கீங்கக்கா" என்பேன். "அப்ப சரி, போய் வேலைய பாக்குறேன்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார். வாரம் முழுவதிலும் கோளாறு சொல்லாமல் எனக்கு வரும் ஒரே அழைப்பு அது.

அந்தக் கேலிக்குக் காரணம் என் தலைக்கனம். அடிவாரத்திலிருந்து அவரை மலைக்கு மாற்றியபோது, பணியாளர் பட்டியலில் அவர் பெயரும் மலையிலுள்ள சர்வருக்குப் போய்விட்டது. இங்குள்ள தலைமை சர்வரைக் கேட்டால், "என்னிடம் இல்லை, மலை சர்வரைக் கேள்" என்று ஒழுங்காகத்தான் பதில் சொன்னது. நான் எழுதிய தேடும் நிரலோ முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, "அப்படி ஒருவர் இல்லை" என்று கையை விரித்தது. பட்டியலில் இல்லாதவர் என்று தடுப்பூசிப் பதிவேடு அவருக்குத் திறக்கவில்லை. எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று தெரியாமல், நடந்து வந்த தாய்மார்களை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். நிரலில் தவறே இல்லை என்று நான் தொலைபேசியில் அடித்துப் பேசினேன். மறுநாள் ஜீப்பும் பஸ்ஸும் மாறி என் மேசை முன் வந்து நின்றார். "எதிர்ல நிக்கிறனே, நான் இருக்கேனா இல்லியா?" ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மலை சர்வரிடமும் போய்க் கேட்கும்படி நிரலை மாற்றினேன். அப்போதும் வெறுங்கையோடுதான் திரும்பியது. தான் யாரென்று சொல்லாமல் போனால் மலை சர்வர் எந்தப் பெயரையும் காட்டாது. இதைச் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நோயாளிகிட்ட வெறும் சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பினா கீழ பெரியாஸ்பத்திரில யாரு பாக்கறாங்க? நானே கூட போய், யாரு இன்னான்னு சொல்லிட்டுதான் வர்றேன்." போகிற இடத்திலும் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ள நிரலுக்கு வழி செய்தேன். அவர் பெயர் திரையில் வந்தது.

போன மாசியில் மாரடைப்பில் அக்கா போய்விட்டார். பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லும் கடிதம் என்னிடம்தான் வந்தது. நீக்கினேன்.

இன்று திங்கட்கிழமை. பத்தாகியும் தொலைபேசி சும்மா கிடந்தது. மனசு கேட்காமல் அவர் பெயரைத் தட்டினேன். தலைமை சர்வர் மலையைக் கேட்கச் சொன்னது. நிரல் அங்கே போய், தான் யாரென்று சொல்லி, கேட்டுவிட்டு வந்தது. "அப்படி ஒருவர் இல்லை." எங்காவது ஒரு தவறு இருக்கக்கூடாதா என்று, நிரலை முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்தேன்.