ஏரிக்குள் ஆள்காட்டி

காலை எட்டு மணிக்குப் பெரம்பலூரில் பஸ் ஏறினேன். அரியலூர் இருபது மைல், சார்ஜ் எட்டணா. பெட்ரோலெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் கரியில் ஓடும் பஸ். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது.

பட்டாளத்திலிருந்த என் தம்பி சிவராமன் அன்று திருச்சியிலிருந்து பர்மா எல்லைக்குப் போகிறான். அவனுடைய ரயில் மூன்றரைக்கு வந்து அரியலூரில் பத்து நிமிஷம் நிற்கும் என்று எழுதியிருந்தான். அந்தப் பத்து நிமிஷத்தில் என்னென்ன சொல்வது என்று நான்கு நாளாக யோசித்து வைத்திருந்தேன்.

பதினோரு மணிக்குக் குன்னத்தில் பஸ் நின்றது. டிரைவர் கரி அடுப்பைக் கிளறிப் பார்த்தார். "இனி நாளைக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டு நிழலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். கத்தினேன். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

ஊருக்குள் அலைந்து வீரமுத்து என்பவருடைய மாட்டுவண்டியைப் பிடித்தேன். ஒன்பது மைலுக்கு இரண்டு ரூபாய். அவர் கூழ் குடித்து முடித்துப் புறப்படப் பன்னிரண்டு ஆகிவிட்டது.

"வத்துன ஏரிக்குள்ள குறுக்க வுட்டா ரெண்டு மைலு மிச்சம் சார்" என்றார். சந்தோஷப்பட்டேன். அதுதான் தப்பு.

ஏரி நடுவில் ஒரு பறவை வீறிட்டுக்கொண்டு மாடுகளின் கொம்புக்கு நேராகப் பாய்ந்தது. வீரமுத்து வண்டியை நிறுத்திக் குதித்தார்.

"ஆள்காட்டிங்க. முட்டை வச்சிருக்கு."

வண்டித்தடத்திலேயே நான்கு முட்டைகள். கூடு கிடையாது. மண்ணாங்கட்டி நிறம், காட்டியும் எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி அதன் ஜோடி ஒரு குட்டையில் வயிற்றை நனைத்துக்கொண்டிருந்தது. ஈர இறகோடு வந்து உட்கார்ந்தால் முட்டைக்குச் சூடு தணியுமாம். எனக்குத்தான் தணியவில்லை.

"ஒதுங்கி ஓட்டுங்க, நேரமாவுது!"

"ஒண்ணு கெடந்தா பக்கத்துல இன்னும் கெடக்குங்க. நரி வந்தாலும் திருடன் வந்தாலும் எங்க பட்டிக்கு இதுதான் குரல் குடுக்குது. அது முட்டை மேல எப்படிங்க சக்கரத்த ஏத்தறது?"

மாடுகளுக்கு முன்னால் குனிந்தபடி அடி அடியாக நடந்தார். இன்னும் மூன்று இடத்தில் முட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைவு. நானும் இறங்கித் தேடினேன், சீக்கிரம் முடியட்டும் என்று. தலைக்கு மேல் இரண்டு ஜோடி வைதுகொண்டே வந்தன. கீழே நான் வைதுகொண்டே போனேன். ஏரியைக் கடக்க ஒரு மணி நேரம்.

மூன்று நாற்பதுக்கு ஸ்டேஷன். தாமதமாக வருவதே வழக்கமான ரயில், அன்று பார்த்துச் சரியான நேரத்துக்கு வந்திருந்தது. நான் பிளாட்பாரத்துக்குள் ஓடும்போது நகரத் தொடங்கிவிட்டது.

"அண்ணே!" ஜன்னலில் சிவராமன். கழுத்து இளைத்திருந்தது. "ஏண்ணே இவ்ளோ லேட்டு?"

கூடவே ஓடினேன். நான்கு நாள் யோசித்ததில் ஒரு சொல்லும் வரவில்லை.

"குருவிடா! வழியில குருவி முட்டை போட்டிருந்துச்சு!"

காதில் கை வைத்துக் கேட்டான். புரிந்ததோ என்னவோ, வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு ரயில் போய்விட்டது.

வெளியே வீரமுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பியப் பாத்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"பேசினீங்களா?"

பேசினேன் என்றேன். என்ன பேசினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.