மூன்றாம் ஓலையின் பின்பக்கம்

“சும்மா ஒரு ஸ்கேன்தானே சார்”னு சொல்லிக்கிட்டே கடைக்குள்ள நுழையறவங்களை எனக்குப் பிடிக்காது. சும்மான்னா வீட்லயே பண்ணிக்க வேண்டியதுதானே? இருபத்தாறு வருஷமா மேற்குத் தாம்பரத்துல, சண்முகம் ரோட்டை ஒட்டின சந்துல, ஜெராக்ஸும் சின்னச் சின்ன அச்சு வேலையும் பண்ற கடை வச்சிருக்கேன். பேரு ராஜாராமன். கோவக்காரன்னு இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. கேட்காமலும் சொல்லுவாங்க.

அப்படி என்னைக் கடுப்பேத்தாத ஒரே வாடிக்கையாளர் ஞானசௌந்தரி. ரயிலுக்கு அந்தப் பக்கம், கிழக்குத் தாம்பரத்துல ஒரு சர்ச்சுல ஆபீஸ் செக்ரட்டரி. வயசு முப்பத்தெட்டு. சேலையூர்ல அம்மாவோட இருக்காங்க. சர்ச்சுல ஞாயித்துக்கிழமை வர்றவங்க கையில ஒரு தாள் கொடுப்பாங்க, புல்லட்டின்னு பேரு. அந்த வாரம் என்ன பாட்டு, யாருக்குப் பிறந்தநாள், எப்ப கமிட்டி மீட்டிங், எல்லாம் அதுல இருக்கும். அதை அச்சடிக்கிறது நான்தான். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேட்டரோட வருவாங்க. சுரங்கப்பாதையில தண்ணி நின்னாலும் பதினோரு மணிதான்.

இது ஒரு ஞானசௌந்தரி. மாசத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை மத்தியானம் வர்ற ஞானசௌந்தரி வேற. கையில ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு ரப்பர் பேண்ட் போட்ட ஒரு தாள் இருக்கும். “அண்ணா, கண்ணாடியைத் துடைச்சீங்களா?”னு கேட்டுட்டுத்தான் வெளிய எடுப்பாங்க. வேற எவனாவது என் மெஷினைப் பத்தி அப்படிக் கேட்டிருந்தா நடக்கறதே வேற. இவங்க கேட்டா நான் துடைப்பேன்.

தாள்ல ஒரு நண்டு இருக்கும்.

டிவியில ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பதரைக்கு ஒரு கார்ட்டூன் வந்துக்கிட்டிருந்தது. ‘போஸ்ட்மேன் கோணல்’. கோணல்ங்கறது ஒரு நண்டு. அதுக்குத் தபால்காரர் உத்தியோகம். நண்டு நேரா நடக்குமா? பக்கவாட்டுலதானே போகும். அதனால ஒவ்வொரு கடுதாசியும் பக்கத்து வீட்டுக்குப் போயிடும். அப்புறம் அந்த வீட்டுச் சண்டையை இது தீர்த்து வைக்கும். இவ்வளவுதான் கதை. நான் முதல்ல பார்த்தப்ப, இதுக்குப் போயான்னுதான் நினைச்சேன். ரெண்டாவது தடவை உக்காந்து முழுசா பார்த்தேன்.

ஞானசௌந்தரி ஒன்பதரைக்கு சர்ச்சுல இருப்பாங்க. சாயங்காலம் மறுபடி போடறப்போ பார்ப்பாங்க. பார்த்துட்டுக் கலர் பென்சிலை எடுத்தா மறு மாசம் ஒரு படம். “ஒரே சிவப்பை எடுத்து அழுத்தித் தேய்ச்சா அது நண்டு இல்லண்ணா, செங்கல்”னு ஒரு தடவை சொன்னாங்க. முதல்ல மஞ்சள், தொட்டும் தொடாம. அதுக்கு மேல ஆரஞ்சு. அதுக்கு மேல சிவப்பு, ஓரத்துல மட்டும் பிரவுன். கடைசியா வெள்ளைப் பென்சிலை வச்சு எல்லாத்தையும் சேர்த்துத் தேய்ப்பாங்க. தேய்க்கத் தேய்க்கப் பென்சில் கோடெல்லாம் மறைஞ்சு, கழுவி வச்ச நண்டு ஓடு மாதிரி ஒரு பளபளப்பு வரும்.

நான் ஸ்கேன் பண்ணித் தருவேன். அவங்க அதை நண்டு ரசிகர்களோட வாட்ஸ்அப் குரூப்புல போடுவாங்க. நானூறு பேர் இருக்கற குரூப். அதுல அவங்க பேரு வெறும் ‘59’. கிழக்குத் தாம்பரம் பின்கோடோட கடைசி ரெண்டு நம்பர். தபால்கார நண்டுக்குப் பின்கோடு பொருத்தம்தானே. அவங்க சர்ச் சபைப் பிள்ளைங்களே அஞ்சாறு பேர் அதுல இருந்தாங்க. ‘59 அக்காவா அண்ணாவா?’ன்னு அவங்களுக்குள்ள விவாதம் வேற. ஞாயித்துக்கிழமை அதே பிள்ளைங்க கையில புல்லட்டினைக் கொடுத்துட்டு இவங்க பாட்டுக்கு நிப்பாங்க.

இப்ப அந்தத் தாளைப் பத்திச் சொல்லணும்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஞானசௌந்தரிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. மாப்பிள்ளை ஜாய்சன், குரோம்பேட்டையில ஒரு கம்பெனியில அக்கவுன்டன்ட். இவங்க வழக்கத்துல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை சபையில ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு மூணு தடவை எல்லார் முன்னாடியும் சத்தமா படிக்கணும். புல்லட்டின்லயும் அச்சடிக்கணும். அவங்க ஓலையை அவங்களே டைப் பண்ணிக் கொண்டுவந்தாங்க. “உங்களுக்கே ஓலையா மேடம், கலக்குங்க”ன்னு நானும் கிண்டல் பண்ணேன். முதல் வாரம் ஆச்சு, ரெண்டாவது வாரம் ஆச்சு.

மூணாவது ஞாயிறு அறுப்புப் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்ற நாள். பண்டிகைன்னு அந்த வாரம் மட்டும் நல்ல கெட்டித் தாள் கொடுத்திருந்தாங்க. ஒரு பக்கம் வெள்ளிக்கிழமையே அடிச்சு முடிச்சுட்டேன், முந்நூத்தம்பது தாள். மறுபக்கத்துக்குப் பண்டிகை நிகழ்ச்சி நிரல் சனிக்கிழமை வரணும். சனிக்கிழமை நிரல் வந்துச்சு, கூடவே ஞானசௌந்தரியும் வந்தாங்க.

“அண்ணா, முன்பக்கத்தை மாத்தி அடிக்கணும். ஓலை வேணாம்.”

எனக்குப் புரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. மாப்பிள்ளையோட அக்கா முந்தின நாள் சேலையூர் வீட்டுக்கு வந்திருக்காங்க. ரூம் சுவத்துல நண்டா ஒட்டியிருக்கறதைப் பார்த்திருக்காங்க. “முப்பத்திநாலு வயசுல பொம்மை படமா? கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் விட்டுடணும்மா”ன்னு சொல்லியிருக்காங்க. இவங்க “ஏன்?”னு கேட்டிருக்காங்க. ஒரே ஒரு வார்த்தை. அது போதுமே, பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி, கல்யாணம் வேணாம்னு அன்னைக்கே போன் வந்துடுச்சு. ஜாய்சன் லைன்ல வரவே இல்லையாம்.

அடிச்ச முந்நூத்தம்பது தாளும் தண்டம். எடைக்குப் போட்டுடலாம்னு ஓரமா தள்ளினேன். “வேணாம்ணா, கட்டிக் கொடுங்க. பின்பக்கம் சும்மாதானே இருக்கு, நல்ல தாள்”னாங்க. ஆட்டோவுல ஏத்தி விட்டேன். எனக்கு அன்னைக்கு வந்த கோவத்துக்கு அந்த அக்கா மட்டும் எதிர்ல வந்திருந்தா... சரி விடுங்க.

அதுலேர்ந்து நாலு வருஷமா எல்லா நண்டும் மூணாவது ஓலையோட பின்பக்கத்துலதான். ஸ்கேன் பண்றப்போ தாளைக் குப்புற வைக்கணுமில்லையா? நண்டு கண்ணாடியைப் பார்க்கும், ஓலை என்னைப் பார்க்கும். மாசாமாசம் மூடியைப் போடறதுக்கு முன்னாடி அதுல அவங்க பேரை ஒரு தடவை பார்ப்பேன்.

இந்த வருஷம் கோணலை நிறுத்தப் போறதா அறிவிச்சாங்க. கடைசி எபிசோட் முடிவுல ரசிகர்கள் கையால வரைஞ்ச பன்னெண்டு படத்தைக் காட்டுவோம், வரைஞ்சவங்க பேரோடன்னு கார்ட்டூன் கம்பெனிக்காரங்க சொன்னாங்க. படத்தைப் பொறுக்கி அனுப்பற பொறுப்பு குரூப் நடத்தற ரோஹிணிக்கு. காலேஜ்ல படிக்கிற பொண்ணு, ஆனா ஹெட்மிஸ்ட்ரஸ் கணக்கா பேசும்.

ஞானசௌந்தரி ஆறு வாரம் உக்காந்து ஒண்ணு வரைஞ்சாங்க. பள்ளிக்கரணை சதுப்பு, கோரைப்புல், தூரத்துல பறவைங்க. நண்டு வேலை முடிஞ்சு எட்டுச் செருப்பையும் கழட்டி வரிசையா வச்சுட்டு, காலைத் தண்ணியில விட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. பக்கத்துல காலித் தபால் பை. ஸ்கேன் பண்ணிட்டு, “இது கண்டிப்பா வரும்”னு சொன்னேன். சொல்லிட்டு, சும்மா இருந்த மெஷினைத் திட்டினேன்.

வந்துச்சு. பன்னெண்டுல ஒண்ணு. வந்த மறுநாளே ஒருத்தன் குரூப்புல கிளப்பிட்டான்: ‘59 போட்டது கம்ப்யூட்டர் வரைஞ்ச படம். ஒரு பென்சில் கோடு காட்டுங்க பார்ப்போம். ஏஐ-கிட்ட சொன்னா ரெண்டு நிமிஷத்துல இதைவிட நல்லா போட்டுத் தரும்.’ அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆமாம் சாமி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பளபளப்பா இருக்கு, முகம் காட்டாத ஆளு, பேருகூட இல்ல, நம்பர். சந்தேகப்பட இது போதாதா?

புதன்கிழமை ஞானசௌந்தரி கடைக்கு வந்தாங்க. புதன்கிழமை அவங்க வர்ற நாளே இல்ல. போனை என்கிட்ட நீட்டினாங்க. ரோஹிணி எழுதியிருந்தது: ‘59, நாளை மாலை ஆறு மணிக்குள் அசல் தாளின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்துக் குரூப்பில் போடவும். வெட்டக்கூடாது, மறைக்கக்கூடாது. கையால் வரைந்திருந்தால் பின்பக்கம் அழுத்தம் தெரியும். இல்லையென்றால் அடுத்த படத்தை அனுப்பிவிடுவோம். மன்னிக்கவும்.’

“வேற தாள்ல வரைஞ்சது ஏதாவது இருக்கா?”ன்னு கேட்டேன்.

“எல்லாம் அந்தக் கட்டுதான்.”

“உக்காந்து ஒண்ணு வரைஞ்சு வீடியோ எடுத்துடுங்க.”

“அண்ணா, ஒரு கால் செருப்புக்கே ஒரு நாள் ஆகும்.”

“பின்பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிடலாமா?”

“ஒட்டினா அழுத்தம் எப்படித் தெரியும்?”

அவங்க ஸ்டூல்ல உக்காந்தாங்க. “நாலு வருஷம் ஆச்சு. சபையில இப்பத்தான் என்னைப் பார்த்தா பாவம்ங்கற மாதிரி தலையைச் சாய்க்கறதை நிறுத்தியிருக்காங்க. பின்பக்கத்தைப் போட்டா மறுபடி ஆரம்பிப்பாங்க. போடலன்னா நண்டு என்னுது இல்லன்னு ஆயிடும்”னாங்க. அழல. அழுதிருந்தா எனக்கு ஈஸியா இருந்திருக்கும்.

தாளை வாங்கி வாசலுக்குப் போனேன். நாலு மணி வெயில் சந்துக்குள்ள சாய்வா விழுந்துக்கிட்டிருந்தது. ஓலைப் பக்கத்தைத் திருப்பி, வெயிலுக்குக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சேன். அழுத்தினது அத்தனையும் புடைச்சுக்கிட்டுத் தெரிஞ்சுது. கோரைப்புல், எட்டுக் கால், வரிசையா செருப்பு. ‘காலஞ்சென்ற திரு. யேசுதாசன், திருமதி ரோஸி ஆகியோரின் குமாரத்தி ஞானசௌந்தரிக்கும்’னு நான் அச்சடிச்ச எழுத்துக்கு மேல நண்டோட கொடுக்கு ஏறி நின்னுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் அந்தப் பயலுக்கு?

ஞானசௌந்தரியும் வந்து பக்கத்துல நின்னு பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஒரு ஆள் ஜெராக்ஸுக்கு வந்தான். அப்புறம் வான்னு அனுப்பிட்டேன்.

“ஜாய்சன் பேரு இருக்கேண்ணா. அவருக்கு இப்ப குழந்தை இருக்கு. அவரை இதுல இழுக்கக் கூடாது”னாங்க. பைக்குள்ள கையை விட்டு, தேய்ஞ்சு தேய்ஞ்சு விரல் நீளத்துக்கு ஆயிட்ட சிவப்புப் பென்சிலை எடுத்தாங்க. மாப்பிள்ளை பேர் மேல குறுக்கா வச்சாங்க. அவங்க பேரை அப்படியே விட்டுட்டாங்க. “ஆட்டாம பிடிங்க”ன்னு சொல்லி அங்கயே, என் கடை வாசல்லயே, போட்டோ எடுத்தாங்க.

அனுப்பறப்போ கீழ எழுதினதை நானும் பார்த்தேன்: ‘ஒரு பேரை மட்டும் மறைச்சிருக்கேன். அது படம் வரைஞ்சவங்க பேர் இல்ல.’

நானூறு பேர் இருக்கற குரூப். பத்து நிமிஷம் ஒருத்தரும் வாயைத் திறக்கல. நான் ரெண்டு தடவை டீ சொன்னேன், ரெண்டையும் நானே குடிச்சேன். அப்புறம் ரோஹிணி எழுதுச்சு: ‘அறிவிப்பை முழுதும் படித்தோம். தடை ஏதும் இல்லை. டிவியில் என்ன பெயர் போடலாம்?’

“அறுவது வரைக்கும் 59-ஆவே இருந்துடலாம்னு நினைச்சேன்”னு சொல்லி அன்னைக்கு முதல் தடவையா சிரிச்சாங்க. முழுப் பேரையும் டைப் பண்ணினாங்க. கிளப்பி விட்டவன் மன்னிப்பு கேட்டானான்னு கேக்கறீங்களா? அவன் போட்டதை அழிச்சுட்டு, நண்டு ஸ்டிக்கர் ஒண்ணு போட்டான். அதான் இந்தக் காலத்து மன்னிப்பு.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் புல்லட்டின் மேட்டரோட வந்தாங்க. சபைப் பிள்ளைங்க ஆபீஸுக்கே வந்து கையெழுத்து கேட்டாங்களாம். ரெண்டு பெரியவங்க தலையைச் சாய்ச்சாங்களாம். அவங்கம்மா அசல் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “நல்ல தாள்தான்”னு மட்டும் சொன்னாங்களாம். கட்டுல இன்னும் பாதிக்கு மேல இருக்கு, தீர்ற வரைக்கும் வரைவேன்னாங்க.

“ஞாயித்துக்கிழமை ஒரு நாள் லீவு போட்டுட்டு வீட்ல உக்காந்து பாருங்களேன்”னேன்.

“ஒன்பதரைக்குப் புல்லட்டின் யார் கொடுக்கறது?”

அதனால நான்தான் பார்த்தேன். நானும் என் சம்சாரம் சாவித்ரியும். கோணல் கடைசிக் கடுதாசியையும் தப்பான வீட்லயே போட்டுச்சு. அப்புறம் படங்கள் வர ஆரம்பிச்சுது. ஒன்பதாவது படம் பள்ளிக்கரணை. கீழ பேரு.

எழுந்து நின்னேன். “ஞானசௌந்தரி, கிழக்குத் தாம்பரம்”னு படிச்சேன்.

சமையக்கட்டுலேர்ந்து எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். “எதுக்கு இப்படிக் கத்தறீங்க, நான் பக்கத்துலதானே இருக்கேன்?”னா சாவித்ரி.

“மூணாவது தடவை பாக்கி இருந்துச்சு. சத்தமாத்தான் படிக்கணும்”னேன்.