நீல மையில் கேட்ட கையெழுத்து

ஜோசபின் அக்கா போய்விட்டார்.

நேற்று ஆபீஸில் மயங்கி விழுந்தாராம்... ஸ்ட்ரோக். இன்று விடிவதற்குள் ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

காலையிலிருந்து நம்ம சைகோன் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் ஆர்ஐபி, கும்பிடும் கை, ஆர்ஐபி, கும்பிடும் கை. இதே குரூப்பில்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் "அந்தம்மா ரொம்ப ஓவர்" என்று எழுதினோம். மேலே ஸ்க்ரோல் செய்து பாருங்கள், அப்படியே இருக்கிறது. நான் எழுதியதும் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்காவுடைய குடும்பம் காரைக்கால் பக்கம். எழுபத்தைந்தில் போர் முடிந்து ஆட்சி மாறிய பிறகு நம்மவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பியபோது அவர் அப்பா கிளம்பவில்லை. அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்து, வியட்நாம்காரரைக் கட்டி, கான் ஹொய் துறைமுகம் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் டாக்குமெண்ட் வேலை பார்த்தார். ஒரே மகள், லான்.

லானும் என் மகளும் அதே ஏரியாவில் ஒரு சின்ன பிரைவேட் ஸ்கூலில் ஒரே வகுப்பு. லானுக்கு வாசிப்பதில் சிரமம்... எழுத்துகள் இடம் மாறித் தெரியும். அதற்கென்று ஒரு டீச்சர் இருந்தார். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக வாசிக்க வைப்பார். பிள்ளை தேறிக்கொண்டு வந்தாள்.

முதலில் லைப்ரரியை மூடினார்கள். அடுத்து அந்த டீச்சரை நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்... பட்ஜெட்.

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அக்கா எழுந்து நின்றார். வியட்நாமியில் கேட்டார், மேனேஜர் சிரித்தார். இங்கிலீஷில் கேட்டார், அதற்கும் சிரிப்பு. மூன்றாவது தடவை தமிழிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"கேட்டுக்குப் புது பெயின்ட் அடிக்க பட்ஜெட் இருக்கு... புள்ளைக்குப் படிச்சுக் குடுக்க இல்லையா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மானம் போனது. "அக்கா, உட்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் தம்பி."

அடுத்த மாதம் நோட்டீஸ் வந்தது. கான் ஹொய் ஸ்கூலையே மூடி, தாவோ தியென் கிளையோடு சேர்க்கப் போகிறார்களாம். வில்லாவும் காஃபி ஷாப்பும் இருக்கிற ஏரியா. அந்த ஃபீஸ் அக்காவுக்குக் கனவிலும் கட்டாது. அது நிர்வாகத்துக்கு நன்றாகவே தெரியும்.

ஸ்கூலை மூடக் கூடாது என்று அக்கா மனு டைப் செய்தார். எல்லோரிடமும் தலைதலையாக அடித்துக்கொண்டார்.

"நீல மையில போடுங்கப்பா. கறுப்புல போட்டா ஃபோட்டோகாப்பின்னு தள்ளிடுவானுங்க. இந்த ஊருல அப்படித்தான்."

நாங்கள்தான் பெரிய ஆபீசர்களாயிற்றே... கேட்போமா? சட்டைப் பையிலிருந்து கறுப்பு ஜெல் பேனாவை எடுத்து ஸ்டைலாகப் போட்டோம். மேனேஜர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நகல், செல்லாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். முடிவெடுக்கும் கூட்டத்துக்கு மூன்றே நாள் பாக்கி.

அந்த மழையில் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு டப்பா நீலப் பேனாவோடு வீடு வீடாக ஹோண்டா பைக்கில் மறுபடி கிளம்பினார் அந்தப் பெண்.

அதற்குள் நிர்வாகம் பெற்றோருக்கு ஒரு மெயில் தட்டியிருந்தது. எதிர்ப்புத் தெரிவிக்காதவர்களின் பிள்ளைகளுக்கு தாவோ தியெனில் முதலில் சீட். என் மகள் ஃபீஸைக் கட்டுவது என் கம்பெனி. என் மகளுக்கு சீட் கன்ஃபர்ம் ஆன மெயில் அன்று மதியமே வந்துவிட்டது.

சாயங்காலம் அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். கீழே தரையெல்லாம் ஈரம்.

"சைன் பண்ணு தம்பி. லிஃப்ட் வேற ரிப்பேரு, மாடியேறி வந்திருக்கேன்."

"வொய்ஃப்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்க்கா. அவ இப்ப வீட்ல இல்ல."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. என் மனைவி அடுப்பை அணைத்த சத்தம் எனக்கே கேட்டது.

அக்கா பேனாவை மூடினார். "சரிப்பா. கொஞ்சம் தண்ணி குடு" என்றார். நின்றபடியே குடித்தார். இறங்கிப் போய்விட்டார்.

என் வீட்டைப் போலவே எல்லா வீட்டிலும் அன்றைக்கு யாரோ ஒருவர் "வெளியே" போயிருந்தார்கள். ஸ்கூலை மூடிவிட்டார்கள். லான் ஒரு பெரிய கவர்மென்ட் ஸ்கூலில், நெரிசலான வகுப்பில், கடைசி பெஞ்சுக்குப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைக்க அங்கே யாரும் இல்லை.

இன்று அந்த நிர்வாகத்தின் ஃபேஸ்புக் பேஜில் அக்காவின் போட்டோ. "எங்கள் பள்ளிக் குடும்பத்தின் அன்புத் தாய்" என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு ஹார்ட். அந்த போட்டோ எது தெரியுமா? அக்கா எழுந்து நின்று கத்தினாரே, அதே மீட்டிங். சுற்றி இருந்தவர்களை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். த்தூ... வெட்கம் என்று ஒன்று வேண்டாமா?

மதியம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சந்து முழுக்க மலர்வளையங்கள். இந்த ஊர் வழக்கப்படி ஒவ்வொன்றிலும் அனுப்பியவர் பெயர் போட்ட ரிப்பன். அதில் ஆளுயரத்துக்கு ஒன்று, அதே பழைய ஸ்கூல் நிர்வாகத்திடமிருந்து.

லான் அதன் முன்னால் நின்றிருந்தாள். ரிப்பன் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக... பாதியில் தொலைந்து, மறுபடி முதலிலிருந்து. வெகு நேரம் ஆனது. ஒன்பதாவது படிக்கிற பெண்.

வாசித்து முடித்ததும் உள்ளே போய் கத்தரிக்கோலோடு வந்தாள். "இதப் புடிங்க அங்கிள்."

ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். வெட்டினாள். பூவையும் எடுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"பூ இருக்கட்டும். அது என்ன செஞ்சுது?"

நல்லபடியாகப் போங்கள், அக்கா. ஒரு ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் எனக்குத் தைரியம் வந்தது. அதுவும் இன்றைக்குத்தான்.