எங்காளுகளுக்குப் பாத்தாகளா?

கூடலூர் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் மொக்கம்மாளுக்கு நாற்பது வயதில் வலிப்பு வந்தது. டாக்டர் எழுதிய மாத்திரையின் பெயரைப் படித்ததும் சீட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அந்த மாத்திரையைச் சாப்பிட்டுத்தான் அவள் தங்கைக்கு உடம்பெல்லாம் தோல் உரிந்து, பத்தாம் நாள் உயிர் போனது. முன்பே ஜீன் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"டெஸ்ட் எடுக்காமச் சாப்பிட மாட்டேன்."

"அந்த டெஸ்ட் நம்ம பக்கத்து ஆளுகளுக்கு அவ்வளவாப் பயன்படாதும்மா."

"எங்காளுக எத்தனை பேருக்குப் பாத்துட்டு அப்படிச் சொன்னாக?"

டாக்டர் சீட்டில் அந்த மாத்திரையை அடித்தார். வேறு மாத்திரை கொடுத்துவிட்டு, அவள் ரத்தத்தை அந்தப் பரிசோதனைக்காக மதுரைக்கு அனுப்பினார். அந்த மருந்து ஒத்துக்கொள்ளாத ஜீன் அவளுக்கும் இருப்பதாக மூன்றாம் வாரம் முடிவு வந்தது.

"நீங்க பிடிவாதம் பிடிச்சது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர்.

"நான் கேட்டேன், தப்பிச்சேன். அடுத்து வர்றவுகளுக்கு அந்த டெஸ்ட்ட நீங்களே எழுதிக் குடுங்க."