மஹ்மூத் நானாவின் கார் நிற்கப் பழகியது

திகன டவுனில் மஹ்மூத் நானாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய காரைத் தெரியாதவர்கள் இல்லை. சாம்பல் நிற மொரிஸ் மைனர். துணிக்கடையைத் திறக்க அவர் காலையில் வரும்போது பின்னால் ஒரு பஸ்ஸும் சில முச்சக்கர வண்டிகளும் ஊர்வலம் மாதிரி வரும். ஹோர்ன் அடிப்பார்கள். அவருக்குக் கேட்காது. காது நல்ல காதுதான், மனுஷன்தான் அங்கே இருப்பதில்லை. மலையில் பனிமூட்டம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, ஸ்டியரிங்கைத் தூங்குகிற பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டு போவார். எனக்கு எரிச்சலாக வரும். நான் சுதேஷ், அதே டவுனில் கராஜ் வைத்திருக்கிறவன். வாகனம் ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும் மனைவி கைரியாவை ஏற்றிக்கொண்டு தெல்தெனியப் பக்கம் போவார். அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஓர் இறக்கத்து வளைவில் விக்டோரியா நீர்த்தேக்கம் வலது பக்கம் திடீரென்று விரியும். அந்த இடத்தில் காரை நிறுத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கலியாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். இப்போது மூத்த மகள் ஸுமைராவுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நிறுத்துவதில்தான் சங்கடம். பிரேக்கை இரண்டு மூன்று தரம் மிதித்தால்தான் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் பேருக்கு இருந்தது. பெடலிலிருந்து காலை எடுத்தால் கார் கிளம்பிவிடும். அதனால் நானா மிதித்தபடி இருக்க, கைரியா அக்கா இறங்குவார். காலடியில் கிடக்கும் மரக்கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போய், குந்தி உட்கார்ந்து சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். லொறிக்காரர்களைப் பார்த்துப் படித்தது. எங்கள் மலைப் பக்கத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. எத்தனையோ வீட்டில் கணவன் ஓட்டுவான், மனைவி கட்டை வைப்பாள்.

முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள், அக்காவைத் தாத்தா என்பார்கள். எனக்குத் தாத்தா என்பது வாயில் வராது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

போன வருஷம் அக்காவின் முழங்கால் மோசமாகிவிட்டது. பேராதனை ஆஸ்பத்திரி டொக்டர் இனிமேல் குந்தவே கூடாது என்றார். அன்றோடு அக்கா காரில் ஏறுவதை விட்டார். கட்டை வைக்க முடியாதவள் போய் என்ன செய்வது என்பது அவருடைய நியாயம். ஒரு வெள்ளிக்கிழமை நானா மட்டும் போயிருக்கிறார். நிறுத்த முடியவில்லை. வளைவை ஊர்ந்து கடந்துவிட்டுத் திரும்பி வந்து, மறுநாள் என் கராஜில் நின்றார்.

“தம்பி, காருக்கு என்ன செய்யோணுமோ செய்ங்க. அவ திரும்ப ஏறோணும்.”

“வித்துப்போட்டு நல்ல காரா ஒன்னு வாங்குங்க நானா,” என்றேன்.

“வேற கார் வேணாம். நாங்க ரெண்டு பேரும் சேந்து அந்தத் தண்ணியப் பாக்காட்டி எனக்கு வெள்ளிக்கிழமை வந்த மாதிரியே இல்ல.”

சொன்னவரின் கண் கலங்கியிருந்தது. ஒரு குளத்தைப் பார்க்கவில்லை என்று அழுகிற மனுஷனிடம் என்ன பேசுவது? சாவியை வாங்கிக்கொண்டேன்.

பிரேக் வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. முன்னால் இருந்த பழைய டிரம்களைக் கழற்றிவிட்டு, வேறொரு காரின் டிஸ்க் பிரேக்கைக் கண்டியில் தேடிப் பிடித்தேன். அதைப் பொருத்தும் தட்டை லேத்தில் கடைந்து வாங்கினேன். பின்சக்கரத்து டிரம்மில் கசிந்த பாகங்களையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் மாற்றினேன். என் உயிரை வாங்கியது முன்சக்கரத்தைத் தாங்குகிற கீழ் மூட்டுதான். கிறீஸ் போட்டு வைக்க வேண்டிய இடம். இரண்டு பக்கமும் கல்லாய் இறுகிக் கிடந்தது. சுத்தியலால் அடித்தேன், நீளக் குழாய் போட்டு நெம்பினேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அசையவில்லை. கடைசியில் கேஸ் சுடரைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் கராஜ் முழுக்க வடை பொரிக்கிற வாசம்.

வாங்குப் பலகையில் உட்கார்ந்து நீலச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்த நானா, மூக்கை உறிஞ்சிச் சிரித்தார்.

“தேங்காண்ணெய் தம்பி. நாட்டுல சாமான் கெடைக்காத அந்த வருஷம் கிறீஸ் எங்கயும் இல்ல. சும்மா விட மனசு வரல்ல. அவ தலைக்கி வெக்கிற எண்ணெய ஊத்தினேன். நல்ல எண்ணெய்.”

“தலையில பூசினா குளிக்கலாம் நானா. இதுக்குள்ள தூசியோட சேந்து பிசினா இறுகிப் போயிருக்கு. சக்கரம் கழண்டு ஓடியிருக்கும்.”

திட்டினேனே தவிர, அந்த வாசத்தில் எனக்கும் கோபம் நிற்கவில்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மூட்டு மெல்ல இளகித் திரும்பியபோது இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பழையதை எறிந்துவிட்டுப் புது மூட்டுகள் போட்டேன். ஆடாமல் உறைந்திருந்த ஷொக் அப்சோபரையும் மாற்றினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காரை அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினோம். அக்கா கதவைத் திறந்து காலடியைப் பார்த்தார்.

“கட்டை எங்க?”

“தேவையில்லக்கா. இனிமே பிரேக்கே பிடிக்கும்,” என்றேன்.

“அப்ப நான் வந்து என்ன செய்ற?”

“சும்மா இருங்க கைரியா. பாத்துக்கொண்டு இருங்க,” என்றார் நானா.

சும்மா இருப்பது அக்காவுக்குப் பிடிபடவில்லை. சுதேஷும் கூட வந்தால்தான் ஏறுவேன் என்றார். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அந்தக் கார் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. முன்பெல்லாம் குழிக்குக் குழி முதுகில் அறையும். இப்போது எழுந்து, தாழ்ந்து, மிதந்து போனது. மழை விட்ட ரோட்டிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மரங்களின் நிழல் கண்ணாடியில் ஏறி எங்கள் மேல் வழிந்து பின்னால் போனது. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். எனக்கு வெகு நேரம் கழித்துத்தான் அது உறைத்தது. ரோட்டைப் பார்க்க வேண்டும் என்கிற நானே மூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளைவு வந்தது. ஒரே மிதி, கார் நின்றது. நானா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெடலிலிருந்து காலைத் தூக்கினார். கார் அப்படியே நின்றது. அக்காவின் கை தன் பாட்டில் கதவுப் பிடிக்குப் போனது.

“இறங்க வேணாம்,” என்றார் நானா.

அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானா சீட்டில் பின்னால் சாய்ந்து அவருக்கு வழி விட்டார். அக்கா வலது பக்கம் திரும்பினார். கீழே தண்ணீர் வெள்ளைப் புகைக்குள் கிடந்தது. எது தண்ணீர், எது வானம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஓரத்தில் மட்டும் புகை விலகியிருந்தது.

“ஸுமைராட வாப்பா, அங்க தண்ணிக்குள்ள சொவர் மாதிரி தெரியுதே, அது என்ன?” என்று அக்கா நானாவைக் கேட்டார்.

நானா சிரித்தார். “பழைய தெல்தெனிய டவுன். தண்ணி கொறைஞ்சா தெரியும். எத்தன தரம் காட்டீக்கிறேன். மறந்து போச்சா?”

“நீங்க காட்டினதான். நான் எங்க பாத்த? இந்தப் பக்கம் கட்டைய மிதிச்சிக்கொண்டு அதையே பாத்துக்கொண்டு நின்ட.”

“ஒவ்வொரு தரமுமா?”

“அது நழுவினா நீங்க போயிருவீங்களே.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. சோறு வெந்துவிட்டது என்பது போலத்தான் சொன்னார். நானா ஸ்டியரிங்கில் வைத்திருந்த இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். “எனக்குத் தெரியாமப் போச்சே கைரியா,” என்று ஒரு தரம் சொன்னார், பிறகு இன்னொரு தரமும் அதையே சொன்னார்.

பிறகு கதவைத் திறந்து இறங்கினார். அந்த வளைவில் அவரும் அதுவரை இறங்கியதேயில்லை. சுற்றி வந்து அக்காவின் கதவைத் திறந்து கையை நீட்டினார். இருவரும் மெதுவாக, முழங்காலுக்கு ஏற்றபடி, ரோட்டைக் கடந்து ஓரத்துக்குப் போனார்கள். அக்கா எதையோ கேட்டுக் கையை நீட்டிக் காட்டினார். நானா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சரிவில் நின்ற காரில் நான் தனியாக இருந்தேன். கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. அவர்கள் பார்த்து முடிக்க வெகு நேரமானது, அதுவரை கார் அசையவில்லை.